காரில் பேசுவது வீட்டில் கேட்கவில்லையா?



பாகான் செராய் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஷிஃப்ட் முடிந்து இரவு பதினொன்றுக்கு மேல்தான் புறப்படுகிறார். சில மாதங்களுக்கு முன் பழைய கார் ஒன்று வாங்கினார்கள். காரில் பாட்டு நன்றாகப் பாடுகிறது. அம்மா கைப்பேசியில் கூப்பிட்டால், அவர் குரல் கார் ஸ்பீக்கரில் கணீரென்று வருகிறது. ஆனால் மகன் பேசுவது மட்டும் வீட்டுக்கு வருவதில்லை. "வந்துகிட்டு இருக்கேன்மா" என்று அவர் தொண்டை கிழியக் கத்தினாலும் இந்தப் பக்கம் வெறும் மௌனம். மழை நாளில் அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டு லயத்து வாசலில் நிற்கும் தாய்க்கு என்னென்ன எண்ணம் ஓடும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. பட்டணத்தில் ஒரு கடைக்காரர், ரேடியோ செட்டையே மாற்ற வேண்டும், 800 வெள்ளி ஆகும் என்று சொல்லிவிட்டாராம். "மாற்றித்தான் ஆக வேண்டுமா வாத்தியாரே?" என்று கேட்கிறார் அந்த அம்மா.

இன்னும் இரண்டு மூன்று பேர், கார் தாங்கள் சொல்லும் கட்டளையைக் கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே விஷயம் என்பதால் இந்த மாதம் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "காரில் கேட்காவிட்டால் என்ன, போனைக் கையில் பிடித்துப் பேசிக்கொள்ளட்டும்" என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்லக்கூடாது. ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பேசுவது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம். 300 வெள்ளி சம்மன். சம்மனாவது கட்டித் தீர்த்துவிடலாம். இருட்டில் விளக்கில்லாமல் வரும் மோட்டார் சைக்கிளையும், செம்பனைக் குலை ஏற்றித் திரும்பும் லாரியையும் ஒற்றைக் கையால் சமாளிக்க முடியுமா? ஆகவே காரின் மைக், அதாவது ஒலிவாங்கி, வேலை செய்யத்தான் வேண்டும். அதுவரைக்கும் ஓர் ஏற்பாடு: கிளம்புவதற்கு முன் மகன் ஒரு முறை கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும், வழியில் அம்மா கூப்பிடக்கூடாது. இதற்குக் காசு செலவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம்.

ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். மரத்துப் பால் மங்கில் விழும். மங்கிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து ஸ்டோருக்கு, ஸ்டோரிலிருந்து ஆலைக்கு. கணக்கில் பால் குறைந்தால் நல்ல மண்டோர் மரத்தையா வெட்டச் சொல்வார்? மங்கு கவிழ்ந்ததா, வாளி ஓட்டையா, நிறுவையில் கோளாறா என்று வழியைத்தான் பார்ப்பார். குரலும் இப்படி ஒரு வழியாகத்தான் போகிறது. வாயிலிருந்து காரின் மைக்குக்கு. மைக்கிலிருந்து மெல்லிய வயர் வழியாக ரேடியோ செட்டுக்கு. செட்டிலிருந்து புளூடூத் என்ற வயரில்லாத இணைப்பால் கைப்பேசிக்கு. கைப்பேசியிலிருந்து லைன் வழியாக வீட்டுக்கு. எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று பார்க்காமல் செட்டை மாற்றுவது, மரத்தை வெட்டுவது போன்றதுதான்.

சோதனைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள். காரை நிழலில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, கதவை மூடிக்கொண்டு செய்யுங்கள். ஓட்டிக்கொண்டே செய்யவேண்டாம்.

முதற்காரியமாகக் கைப்பேசியில் புளூடூத்தை அணைத்துவிட்டு, வெறும் போனைக் காதில் வைத்து வீட்டுக்குக் கூப்பிடுங்கள். இப்போதும் உங்கள் குரல் போகவில்லை என்றால் கார் நிரபராதி. குற்றம் கைப்பேசியிலோ லைனிலோ இருக்கிறது. கைப்பேசியின் அடியில் ஊசிமுனை போல் ஒரு சிறு துளை இருக்கும். அதுதான் அதன் வாய். பையில் கிடந்த மாவும் தூசியும் அதை அடைத்திருக்கலாம், புதிய உறை அதன்மேல் ஏறி மூடியிருக்கலாம். உறையைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்த மெல்லிய தூரிகையால் துடையுங்கள். ஊசியை மட்டும் உள்ளே விடாதீர்கள். அந்தத் துளைக்குப் பின்னால்தான் ஒலிக்கு அதிரும் மெல்லிய சவ்வு இருக்கிறது; ஒரு குத்தில் அதன் கதை முடிந்துவிடும்.

வெறும் போனில் குரல் நன்றாகப் போகிறதா? அடுத்து வீட்டிலுள்ள இன்னொருவர் போனைக் காரோடு இணைத்துப் பேசிப்பாருங்கள். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து கிடையாது. இரண்டாவது போனிலும் அதே கோளாறு என்றால் கார்ப் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டாவது போன் ஒழுங்காகப் பேசினால் முதல் போனின் அமைப்பைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் பாதி வழக்கு தீர்ந்துவிடும். பட்டறைக்குப் போகுமுன் இதைச் செய்பவர்கள் குறைவு என்பதுதான் எனக்கு வருத்தம்.

முதல் போனின் அமைப்பில் என்ன கோளாறு இருக்க முடியும்? "பாட்டு வருகிறதே, அப்படியானால் புளூடூத் சரிதானே" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. புளூடூத்துக்குள் பாட்டுக்கு ஒரு பாதை, தொலைபேசிப் பேச்சுக்கு ஒரு பாதை என்று தனித்தனியாக இருக்கின்றன. கைப்பேசியின் புளூடூத் பட்டியலில் காரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பற்சக்கரக் குறி இருக்கும். அதைத் தொட்டால் 'அழைப்பு' என்று ஒரு வரியும், 'பாட்டு' அல்லது 'ஊடக ஒலி' என்று ஒரு வரியும் வரும். அழைப்பு வரி அணைந்திருந்தால் பாட்டு பாடும், பேச்சு போகாது. தொடர்புப் பட்டியலுக்கும் அங்கேயே ஒரு வரி உண்டு. முதன்முதலில் இணைக்கும்போது "உங்கள் பெயர்ப் பட்டியலைக் காருக்குக் கொடுக்கலாமா" என்று போன் கேட்டிருக்கும். அவசரத்தில் 'வேண்டாம்' என்று தட்டியிருப்பீர்கள். பிறகு நீங்கள் யாரைக் கூப்பிடச் சொன்னாலும் அப்படி ஒரு பெயரே இல்லை என்று கார் சாதிக்கும். அதன்மேல் என்ன குற்றம்?

இவை எல்லாம் சரியாக இருந்தும் கோளாறு தீராவிட்டால், இணைப்பை இரண்டு பக்கமும் அழித்துவிட்டு மறுபடி இணையுங்கள். இரண்டு பக்கமும் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். போனில் மட்டும் அழித்தால் கார் பழைய கணக்கையே வைத்துக்கொண்டிருக்கும். பழைய கார் வாங்கியவர்கள், முன்பு அதை வைத்திருந்தவரின் போன் பெயர்களும் செட்டில் கிடக்கிறதா என்று பார்த்து எல்லாவற்றையும் அழித்துவிடுவது நல்லது.

லைன் விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டது. இப்போது பேச்சு 4ஜி வழியே போக வேண்டுமானால் கைப்பேசியில் 'வோல்ட்டி' என்ற வசதி இருக்க வேண்டும், அது திறந்தும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு பழைய 2ஜிக்கு இறங்கிவிடும், குரல் கரகரக்கும். செம்பனை அடர்ந்த பள்ளத்தில் மட்டும் குரல் அறுந்து, பெருஞ்சாலைக்கு வந்ததும் சரியாகிவிட்டால் அது லைன் கோளாறு. காரைக் கழற்றிப் பயனில்லை.

இப்போது காருக்கே வருவோம். இரண்டு போனிலும் கோளாறு என்றால் மைக் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பல கார்களில் அது முன்பக்கம் கூரை விளக்குக்குப் பக்கத்தில், சிறு சிறு துளைகள் போட்ட பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருக்கும். சிலவற்றில் ஸ்டியரிங் தண்டின் மேல் மூடியில் இருக்கும். கடையில் மாற்றிய ஆண்ட்ராய்டு செட்டுகளில் செட்டின் முகத்திலேயே ஊசித்துளை அளவுக்கு ஒன்று இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். காரோடு இணைத்த போனில் வீட்டைக் கூப்பிடுங்கள். வீட்டில் இருப்பவர் காதில் வைத்துக் கவனமாகக் கேட்கட்டும். நீங்கள் விரல் நகத்தால் கூரை விளக்கைச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள், பிறகு ஸ்டியரிங் தண்டில், பிறகு செட்டின் முகத்தில். ஓர் இடத்தில் தட்டும்போது அந்தப் பக்கம் 'டொக் டொக்' என்று பலமாகக் கேட்கும். அங்கேதான் மைக். தட்டல் பலமாகக் கேட்டு, பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால், மைக் உயிரோடு இருக்கிறது. துளை அடைத்திருக்கிறது அல்லது வாய்க்கு வெகுதூரத்தில் இருக்கிறது. எங்கே தட்டினாலும் ஒன்றும் கேட்கவில்லை என்றால் மைக்குக்கும் செட்டுக்கும் இடையே வயர் இணையவில்லை, அல்லது செட் வேறொரு மைக்கை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது.

பழைய கார்களில் அடிக்கடி நடப்பது இதுதான். காரோடு வந்த செட்டை முன்னவர் கழற்றிவிட்டுப் பெரிய திரை வைத்த செட் ஒன்றைப் பூட்டியிருப்பார். கூரையில் இருக்கும் பழைய மைக்கின் வயர் புதிய செட்டில் பொருந்தாமல் பின்னால் அநாதையாகத் தொங்கும். பார்வைக்குக் கூரையில் மைக் இருக்கிறது, வேலைக்கு இல்லை. புதிய செட்டின் முதுகில் வெளி மைக் செருகுவதற்கு ஒரு துளை இருக்கும், சிலவற்றில் 3.5 மில்லிமீட்டர், சிலவற்றில் 2.5 மில்லிமீட்டர். அதில் ஒன்றும் செருகப்படாமலே இருக்கலாம். செட்டின் அமைப்பில் 'உள் மைக்', 'வெளி மைக்' என்று தேர்ந்தெடுக்கும் வரி இருந்து, அது 'வெளி' என்று நின்றால் செட் இல்லாத மைக்கிலிருந்து குரலை எதிர்பார்த்துக் காத்திருக்கும்.

பாகான் செராய் அம்மாவுக்கு இப்போது பதில் சொல்லலாம். அம்மா, உங்கள் குரல் காரில் தெளிவாகக் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் லைன், கைப்பேசி, புளூடூத்தின் பேச்சுப் பாதை, செட், ஸ்பீக்கர் அனைத்தும் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கின்றன. பழுது மகனின் வாயிலிருந்து செட் வரைக்கும் உள்ள அந்த ஒரு முழ வழியில்தான் இருக்க வேண்டும். செட்டுக்கு உள்ளேயே மைக் பகுதி கெட்டுப்போவதும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது. முதலில் அந்தத் தம்பி அமைப்பைப் பார்த்து, தட்டிப் பார்த்து, பிறகு வெளி மைக் ஒன்றைச் செருகிப் பார்க்கட்டும். அதற்கு ஆகும் செலவு 800 வெள்ளியின் பக்கத்தில்கூட வராது. வெளி மைக்கிலும் குரல் போகாவிட்டால்தான் செட்டைக் கழற்றும் பேச்சு.

வெளி மைக் வாங்கினால் எங்கே வைப்பது? இதில் கடைக்காரர்கள் காட்டும் அலட்சியம் எனக்குப் பிடிப்பதில்லை. செட்டின் கீழே, கியருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் வலு நாலில் ஒரு பங்காகக் குறையும். காருக்குள் கண்ணாடியும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது. ஆனாலும் தூரம் தூரந்தான். ஓட்டுநர் தலைக்கு மேலே வெயிலுக்கு இறக்கும் தட்டின் பக்கத்தில், வாயைப் பார்த்தபடி வையுங்கள். ஏர்கான் காற்று நேராக அடிக்கும் இடம் ஆகாது. கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணுக்குள் ஏர்பேக் இருக்கும் காராக இருந்தால், வயரை அதன்மேல் குறுக்காக ஓட்டக்கூடாது. விபத்தின்போது பை விரிய அது தடையாகும். தெரிந்தவர் கையில் கொடுத்து இழுத்துவிடுங்கள்.

குரல் போகிறது, ஆனால் இரைச்சல் தாங்கவில்லை என்பவர்களுக்கு வேறு பதில். இஞ்சினை அணைத்துவிட்டுப் பேசுங்கள், பிறகு இஞ்சினைப் போட்டு, பிறகு ஏர்கான் காற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே பேசுங்கள். எந்த இடத்தில் அந்தப் பக்கத்தவர் முகம் சுளிக்கிறாரோ அதுவே காரணம். பெரும்பாலும் காற்றுதான். பேசும்போது ஓர் எண் குறைத்துக்கொண்டால் போதும். "நான் பேசுவது எனக்கே திரும்பக் கேட்கிறது" என்று எதிர்ப்பக்கத்தவர் சொன்னால், உங்கள் கார் ஸ்பீக்கரில் வரும் அவருடைய குரல் உங்கள் மைக்கிலேயே விழுந்து திரும்பிப் போகிறது. ஸ்பீக்கர் சத்தத்தைக் குறையுங்கள். அந்த எதிரொலியை அடக்க செட்டில் ஏற்பாடு இருக்கிறது; அளவுக்கு மிஞ்சிச் சத்தம் வைத்தால் அதுவும் தோற்றுப்போகும்.

இனி, கார் கட்டளையைக் கேட்காத கதை.

காரோடு பேசுவது புதிய கலை அல்ல. மெர்சிடிஸ் நிறுவனம் 1996-ஆம் ஆண்டிலேயே தன் பெரிய கார்களில் 'லிங்குவாட்ரோனிக்' என்று ஒன்றை வைத்தது. வாயால் சொன்னால் தொலைபேசி எண்ணைப் போடும். நம் நாட்டில் சாதாரண மக்கள் இதைக் கண்டது 2018 டிசம்பரில், புரோட்டோன் எக்ஸ்70 வந்தபோது. 'ஹாய் புரோட்டோன்' என்று கூப்பிட்டுக் கட்டளை சொல்வது அப்போதுதான் பேச்சாயிற்று. 2020-இல் எக்ஸ்50-ம் அதோடு வந்தது. இன்று பழைய மைவியில்கூட ஆண்ட்ராய்டு செட் பூட்டினால் போனிலுள்ள உதவியாளரோடு பேசலாம்.

இங்கேதான் ஒரு குழப்பம். சில கார்களில் கேட்கும் காது இரண்டு. ஒன்று காருடையது, மற்றொன்று கைப்பேசியுடையது. ஸ்டியரிங்கில் உள்ள பேச்சுப் பொத்தானைச் சற்றே அழுத்தினால் காருடையது விழிக்கும், சில நொடி அழுத்திப் பிடித்தால் கைப்பேசியுடையது விழிக்கும். பல கார்களில் முறை இப்படித்தான். பொத்தானைச் சற்றே அழுத்திவிட்டுக் கைப்பேசிக்குரிய கேள்வியைக் கேட்டால் கார் விழிக்கத்தான் செய்யும். இரண்டில் எது பதில் சொல்கிறது என்று குரலை வைத்தும் திரையை வைத்தும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அழைப்பில் உங்கள் குரல் நன்றாகப் போகிறது, கட்டளை மட்டும் கேட்கவில்லை என்றால் மைக்கைத் தொடவேண்டாம். அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. மற்றதைப் பாருங்கள். கைப்பேசியில் அந்த உதவியாளருக்கு மைக் அனுமதி கொடுத்திருக்கிறீர்களா? 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், செயலிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மைக்கை மூடும் பொத்தான் ஒன்று இருக்கிறது. மேலிருந்து இழுக்கும் பட்டையில் அது வந்து உட்கார்ந்திருக்கும். வீட்டில் பிள்ளைகள் விளையாட்டாக அதைத் தட்டிவிட்டால் அப்பா காரில் போய்க் கத்துவார். அடுத்தது இணையம். இந்த முறைகளில் பல, நாம் சொன்னதைத் தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்பித்தான் புரிந்துகொள்கின்றன. தோட்டத்து லைன் படுத்துவிட்டால் அவையும் படுத்துவிடும். டேட்டா தீர்ந்தாலும் அப்படியே.

மூன்றாவது, மொழி. இதில் சற்று நின்று பேச எனக்கு ஆசை.

ஒரு வாசகி எழுதுகிறார்: அவருடைய அப்பா முப்பது வருடம் தோட்டத்து லாரி ஓட்டியவர். பிள்ளைகள் ஆசைப்பட்டுப் புதுக் கார் வாங்கிக் கொடுத்தார்கள். அதனிடம் அவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, அது வேறேதோ செய்ய, பின்னால் இருந்த பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் அந்தப் பொத்தானையே தொடுவதில்லையாம். "அப்பாவுக்கு ஆங்கிலம் சரியாக வராது, என்ன செய்வது?" என்று முடிக்கிறார் மகள்.

அம்மா, உங்கள் அப்பாவின் ஆங்கிலத்துக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஆங்கிலத்தைக் கொண்டுதான் முப்பது வருடம் துரைகளோடும் குமாஸ்தாக்களோடும் வேலை பார்த்தார், அவர்களுக்குப் புரிந்தது. இந்த இயந்திரங்கள் எந்தெந்த மக்களின் குரலைக் கேட்டுப் பழகினவோ அந்தக் குரலைத்தான் எளிதில் பிடிக்கும். வகுப்பில் ஒரே ஆசிரியரிடம் சொல்வதை எழுதுதல் பழகிய பிள்ளை, வேறு ஆசிரியர் வந்து சொன்னால் தடுமாறும். அது ஆசிரியரின் குற்றமா? பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள். மொழி அமைப்பில் ஆங்கிலத்தில் எந்த நாட்டு ஆங்கிலம் என்றும் தேர்ந்தெடுக்க இடம் இருந்தால், ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். மலாய் இருந்தால் அதையும் பாருங்கள். நம்மவர் பலருக்கு மலாய்தான் நாவில் தடையில்லாமல் வருகிறது. கைப்பேசியில் பேசி எழுத்தாக்கும் கூகுள் வசதியில் 2017 முதல் தமிழ் இருக்கிறது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்பதோடு மலேசியத் தமிழ் என்றும் தனியே ஒரு வரி வைத்திருக்கிறார்கள். காரை நிறுத்திவிட்டுச் செய்தி அனுப்ப அது போதும். தாத்தா முதலில் அதில் தமிழில் பேசட்டும். அவர் சொன்னது திரையில் எழுத்தாக வருவதைப் பேரப்பிள்ளைகளும் பார்க்கட்டும்.

பேசும் முறையிலும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். பொத்தானை அழுத்தியதும் 'டிங்' என்று ஓர் ஒலி வரும். அது வருமுன்பே பலர் பேசிவிடுகிறார்கள். முதல் சொல் தொலைந்துபோகும், மிச்சத்தை வைத்துக்கொண்டு இயந்திரம் எதையோ ஊகிக்கும். ஒலி வந்தபின் பேசுங்கள். பெரட்டில் பேர் கூப்பிடுவதுபோல் உரக்கக் கூவ வேண்டாம். மைக் தாங்கும் அளவுக்கு மேல் போனால் குரலின் உச்சி வெட்டுப்பட்டுச் சிதைந்துவிடும். பக்கத்தில் இருப்பவரோடு பேசும் குரலே போதும். ஆனால் சொல்லுக்குச் சொல் இழுத்து நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

பெயர்கள் தனித் தொல்லை. நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் நீளமாக எழுதி வைத்திருப்போம். இயந்திரம் அதைத் தன் போக்கில் வாசித்துப் பார்க்கும், நாம் சொல்வதோடு ஒத்துவராது. அடிக்கடி கூப்பிடும் நாலைந்து பேருக்கு மட்டும் எளிய பெயராக மாற்றிவிடுங்கள். 'அம்மா' என்று இருந்தால் போதும், 'அம்மா புது நம்பர் வீடு' என்று வேண்டாம். ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு பெயர் வேண்டாம். பழைய செட்டுகளுக்கு இது இன்னும் முக்கியம். அவற்றின் புளூடூத், பழைய தொலைபேசியைப் போலக் குரலின் நடுப்பகுதியை மட்டுமே அனுப்பும். 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகளின் கூர்மை அதற்கு மேலே இருப்பதால் அறுந்துபோகும். 2011-இல் வந்த புதிய முறைக்குப் பிறகுதான் அகன்ற குரல் புளூடூத்தில் போகத் தொடங்கியது. காரும் கைப்பேசியும் இரண்டும் அதை அறிந்திருந்தால்தான் பயன்.

ஓர் எச்சரிக்கை. ஸ்டியரிங்கில் பேச்சுப் பொத்தான் வேலை செய்யவில்லை, அதோடு ஹாரனும் சில நேரம் அடிக்கவில்லை, ஏர்பேக் விளக்கும் எரிகிறது என்றால் அது மைக் சமாசாரமே அல்ல. ஸ்டியரிங்குக்குள் சுருள் போல் சுற்றிய பட்டை வயர் ஒன்று இருக்கிறது, அது அறுந்திருக்கலாம். ஸ்டியரிங்கை நீங்களே கழற்றாதீர்கள். ஏர்பேக் வெடிக்கும் பொருள். பயிற்சி உள்ளவர்தான் தொட வேண்டும். இதைத் தள்ளிப்போடவும் கூடாது. விபத்தில் ஏர்பேக் விரியாமலே போகலாம்.

பட்டறைக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தப் போன், புளூடூத் இல்லாமல் எப்படி, வேறு போனில் எப்படி, தட்டியபோது என்ன கேட்டது. இந்தத் தாள் கையில் இருந்தால் யாரும் உங்களிடம் 'செட் போச்சு' என்று சட்டென்று சொல்லிவிட மாட்டார்கள். மைக் மட்டும் மாற்ற எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதுக் கார் என்றால் உத்தரவாதக் காலத்தில் வெளிக்கடையில் வயரை வெட்டி முறுக்க விடாதீர்கள். பொருத்தும் சாக்கெட் கிடைக்கிறதா என்று கேளுங்கள். காரைக் கழுவும் கடையில் பளபளப்புத் திரவத்தைக் கூரை விளக்குப் பக்கமும் செட்டின் முகத்திலும் நேராகப் பீய்ச்ச வேண்டாம், துணியில் நனைத்துத் துடைக்கச் சொல்லுங்கள். அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டினால் துளை அடைந்துவிடும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த கடைசிக் கடிதம் கொஞ்சம் வேடிக்கையானது. ரேடியோவில் யாராவது பேசினால் தம் கார் தானாகவே "என்ன வேண்டும்" என்று குறுக்கே கேட்கிறது, மாமியார் பயப்படுகிறார் என்று எழுதியிருக்கிறார்கள். பேய் பிசாசு ஒன்றும் இல்லை. கூப்பிடு சொல்லைப் போன்ற ஒலி ஸ்பீக்கரில் வந்தால் மைக் அதையும் கேட்டு விழித்துக்கொள்கிறது. அமைப்பில் 'சொல் கேட்டு விழித்தல்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தினால் மட்டும் அது பேசும்.